எத்தனையோ ராம்பூர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று இல்லத்தை நடத்தும் மேடம் சொன்னார். பணி அனுபவம் என்பதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது. எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கடலூரில் அரசு வேலை கிடைத்து இந்தப் பெண்கள் காப்பு இல்லத்தை விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் எழுதியதை நாலு பேர் உட்கார்ந்து படிப்பார்கள் என்றால் அந்தப் பெருமையை எதற்கு விட வேண்டும்?

கோப்பு எப்படித் திறப்பது, காவல் நிலையத்தில் யாரிடம் பேசுவது, மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். நான் சொல்ல வந்தது ஊர்ப் பெயரைப் பற்றி. வழி தவறி நம்மிடம் வரும் ஒரு பெண், தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நமக்குத் தோன்றும். அந்த நிம்மதியைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நம் விழுப்புரம் பக்கத்திலேயே ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கின்றன. மேல், கீழ், பெரிய, சின்ன என்று முன்னால் எதையாவது ஒட்டிக்கொண்டால்தான் சரியான இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்க முடியும். நமக்கே இப்படி என்றால், வடக்கே ராம்பூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கும் என்று செல்போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள். விரல் வலிக்கும் வரை வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பெண்ணை விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ரயில்வே போலீசார் கொண்டுவந்தார்கள். நடைமேடையில் காய்ச்சலோடு கிடந்தவளை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடம்பு தேறியதும் திண்டிவனத்தில் இருக்கும் நம் இல்லத்துக்கு அனுப்பினார்கள். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருக்கலாம். உடம்பு தேறிவிட்டது, மனம் இன்னும் பாதி வழியில்தான் இருந்தது. நாள் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எது கேட்டாலும் ஒரு வார்த்தை, அதற்கு மேல் இல்லை.

நான் சமூகப்பணி படித்தபோது விடுதியில் என் அறையில் ஒரு வடநாட்டுப் பெண் இருந்தாள். அவளிடம் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு, உன் பெயர் என்ன என்று கேட்டேன்.

"ராம்பூர்வாலி" என்றாள்.

ராம்பூர்க்காரி என்று அர்த்தம். எனக்கு அது தெரிந்திருந்தது. பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்கிறாளே, பரவாயில்லை, ஊராவது கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அன்றையிலிருந்து இல்லத்தில் எல்லோருக்கும் அவள் ராம்பூரம்மா ஆகிவிட்டாள்.

இன்னொரு நாள், நீ பேசுவது என்ன மொழி என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "மைதிலி" என்றாள்.

என் பெயர் மைதிலி. பின்னால் கூழ்ச் சட்டியோடு நின்றிருந்த சமையல்கார ஆரோக்கியம் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உன்னத்தான் கூப்புடுது பாரு. வந்த கொஞ்ச நாள்ல உம்பேரு தெரிஞ்சிக்கினு கீது. நான் வருசக்கணக்கா ஆக்கிக் கொட்டறேன், எம்பேர ஒருத்தி சொல்லி இருப்பாளா?"

விஷயத்தை விளக்கியவர் சுரேந்தர். பீகார்க்காரர். திண்டிவனத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார். இந்தி தேவைப்படும்போதெல்லாம் நாம் கூப்பிடுவது அவரைத்தான். நீங்களும் அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"அது இந்தி இல்லீங்க மேடம். மைதிலின்னு ஒரு பாசை. எங்க ஊரு பக்கம் ஏராளமான ஜனம் பேசுது. நான் போஜ்புரி. அந்தம்மா பேசறது பாதி புரியுது, பாதி பேஜாரு."

"பாசைக்கு எங்க மைதிலி பேரா?" என்றாள் ஆரோக்கியம் அக்கா. "அப்ப வாய மூடாத பாசையாத்தான் இருக்கும்."

என் பெயரும் அதுதான் என்று சுரேந்தர் அவளிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. என் கழுத்து அட்டையைக் காட்டி எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். என் தாடையைத் தொட்டு, மைதிலி, மைதிலி என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவளுக்கு, தன் வீட்டுப் பேச்சின் பெயரில் இங்கே ஒருத்தி நடமாடுகிறாள் என்பது என்ன ஆறுதல் கொடுத்ததோ. பிறகு என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசத் தொடங்கினாள்.

எந்த ராம்பூர் என்று கண்டுபிடிக்க வேண்டுமே. சுரேந்தரை உட்காரவைத்து, ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். சொல்லும்போது அவள் முகமே மாறியது. பெரிய குளம் இருக்கிறது, குளத்துக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு, தோப்புக்காரக் கிழவன் கல்லால் அடிப்பான், சர்க்கரை ஆலையின் சங்கு ஊதினால் பள்ளிக்கூடம் விடும். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரையும் சொன்னாள். அதை வைத்துக்கொண்டு அங்கே உள்ள காவல் நிலையத்துக்கு, அங்கிருந்து ஊர் வார்டு மெம்பருக்கு என்று ஒவ்வொரு படியாகப் போய்ச் சேர்ந்தோம். படத்தை அனுப்பியதும் வார்டு மெம்பர், "இது நம்ம சுனைனா. எங்க ஊர்ப் பொண்ணுதான்" என்று சொன்னதாக சுரேந்தர் சொன்னார். நான் ஓடிப்போய், ஜன்னல் பக்கம் நின்றிருந்தவளை, "சுனைனா" என்று கூப்பிட்டேன். சின்னப் பிள்ளை திரும்புவது போல வெடுக்கென்று திரும்பினாள்.

இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்? மேடம் விழுப்புரத்துக்கு அலைந்து, துணைக்குப் போக ஒரு பெண் காவலரை ஏற்பாடு செய்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். திங்கட்கிழமை மாலை ரயில். புதுப் புடவை ஒன்று வாங்கி, ராம்பூருக்குப் போகிறாய் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன்.

அவள் புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலின் மேல் வைத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் போனாள்.

"உடம்பு அசதி. ஊருக்குப் போனா சரியாயிடும்" என்றார் மேடம். அப்படியும் இருக்கலாம். கல்யாணம் ஆனதா, பிள்ளை இருக்கிறதா என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டபோது அவள் அழுத அழுகையைப் பார்த்து, அதை இப்போதைக்குக் கிளற வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் மறுபடி கேட்கவில்லை. எனக்கு மட்டும், வீட்டுக்குப் போகிறவளின் முகம் அது இல்லை என்று பட்டது. ஆனால் முகத்தைக் காட்டி மேடத்திடம் எப்படி வாதாடுவது?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கெடாருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டு முன்னால் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, வேர்க்கடலைதான், குவியலாகக் கிடந்தது. அம்மாவும் தெருப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஏ மண்டகப்பட்டா, உம்பொண்ணு வந்துட்டா பாரு. எழுந்து போயி ஒரு டீ வச்சிக் குடு" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"ஏன், அவளுக்குக் கையி இல்லியா? அம்மாம் படிச்சவளுக்கு டீ வைக்கத் தெரியாதா?" என்றாள் அம்மா. "நீ ஜல்தி ஆய்ஞ்சி முடி, திண்டிவனத்தா. வாயிலயே ஆய்ஞ்சிக்கினு இருக்காத."

எங்கள் தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து நின்றால் பஸ் நிலையப் பெயர்ப்பலகை போல இருக்கும். எந்த ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தார்களோ அந்த ஊர்தான் பெயர். என் அம்மா மண்டகப்பட்டா. எதிர்வீட்டு அத்தை திண்டிவனத்தா. கெடாரிலிருந்து இரண்டு பேர் வந்திருப்பதால் பெரிய கெடாரா, சின்ன கெடாரா. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு, கையில் ஒரு செடியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"அம்மா, மண்டகப்பட்டுல உன்ன இன்னான்னு கூப்புடுவாங்க?"

"ராணின்னுதான். வேற இன்னான்னு கூப்புடுவாங்க?"

"மண்டகப்பட்டான்னு கூப்புட மாட்டாங்களா?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சி படிச்சி இப்படி ஆயிட்டியா? அங்க எல்லாருமே மண்டகப்பட்டுதான. அங்க போயி அப்படிக் கூப்ட்டா ஊரே திரும்பிப் பாக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராம்பூர் ஆட்கள் அவளைச் சுனைனா என்றார்கள். அப்படியானால் ராம்பூர்வாலி என்று கூப்பிட்டது யார்? ராம்பூரில் இருந்துகொண்டு யாரும் யாரையும் ராம்பூர்க்காரி என்று கூப்பிட மாட்டார்கள். எங்களிடம் அவள் சொன்னதெல்லாம் குளமும் தோப்பும் பள்ளிக்கூடமும். எல்லாம் ஒரு சிறுமி பார்த்தவை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கை காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"அம்மா வூட்டுக்கா அனுப்பறீங்க? அங்க யாரு கீறாங்க அவளுக்கு?"

"தெரியலம்மா. வார்டு மெம்பருதான் பேசினாரு."

"என்ன யாராச்சும் கொண்டுபோயி மண்டகப்பட்டுல எறக்கி வுட்டா எங்கண்ணன் சோறு போடும். இல்லங்கல. நாலு நாளு போடும். ஆனா நீ இங்க கெடப்பியே."

அங்கிருந்தே சுரேந்தருக்குப் போன் செய்தேன்.

"ராம்பூர்வாலியா? அந்தம்மா வாயாலயே அப்படிச் சொல்லிச்சா? எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லியே மேடம். அது மருமவளக் கூப்புடற பேரு. எங்கம்மாவயும் எங்க ஊருல அப்படித்தான் கூப்புடுவாங்க, அவங்க பொறந்த ஊரு பேரச் சொல்லி."

அடுத்து மேடத்துக்கு. இதுதான் கஷ்டமான போன். நினைத்ததை எல்லாம் சொன்னேன்.

"ஒரு கூப்புடற பேரை வச்சிக்கிட்டு எஸ்கார்டை நிறுத்தச் சொல்றியா, மைதிலி?" என்றார். "திரும்ப எப்போ கிடைக்கும்னு உனக்குத் தெரியுமா? அதுவரைக்கும் அந்தப் பொண்ணு இங்க ஜன்னல்கிட்ட நிக்கணும். நீ நினைக்கறது தப்புன்னா, அவ வீட்டுக்குப் போறதைத் தடுத்தவ நீதான்."

"சரின்னா, அவ பிள்ளைகிட்ட போறதைத் தடுத்தவங்க நாம ஆயிடுவோம் மேடம்."

"பிள்ளை இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. அதையே சொன்னேன். மேடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். இல்லேன்னா ஜங்ஷனுக்குக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து திண்டிவனம் வந்தேன். சுரேந்தர் வேலைக்குப் போகாமல், சிமெண்ட் காய்ந்த சட்டையோடு இல்லத்து வாசலில் காத்திருந்தார். வழியெல்லாம் நான் யோசித்தது ஒன்றைத்தான். கல்யாணம் ஆனதா, பிள்ளை இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்வியில் அவள் முன்பே உடைந்திருக்கிறாள். உன் ஊர் எது என்றும் கேட்கக்கூடாது. மறுபடி குளத்துக்கும் தோப்புக்கும் போய்விடுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுரேந்தர் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ராம்பூர்வாலின்னு உன்ன மொதல்ல கூப்ட்டது யாருன்னு கேளுங்க."

கேட்டார். அவள் கை என் கைக்குள் அசைந்தது. மெதுவாக ஏதோ சொன்னாள்.

"மாமியாராம்."

"எந்த ஊர்லன்னு கேளுங்க."

"கமல்டோல்" என்று அவளே எனக்குச் சொன்னாள். சொன்னதும் என் கையை விட்டுவிட்டு, தன் உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்து, கட்டிலின் உயரத்துக்குப் பிடித்துக் காட்டினாள். இவ்வளவு உயரம். காற்றில் அந்த உயரத்தை ஒருமுறை தடவியும் கொடுத்தாள். இதற்குச் சுரேந்தர் தேவைப்படவில்லை.

ராம்பூர் வார்டு மெம்பருக்கே மறுபடி போன் போட்டோம். ஆமாம், சுனைனாவைக் கமல்டோலில்தான் கட்டிக் கொடுத்தார்கள், பெண் குழந்தை ஒன்று உண்டு என்றார். இங்கே அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சுரேந்தர் கோபமாகக் கேட்டார். "நீங்க எங்க ஊர்ப் பொண்ணான்னு கேட்டீங்க. ஆமாம்னு சொன்னேன்" என்றார் அவர். அவர் மேல் என்ன தப்பு? அவளும் கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள். எல்லோரும் உண்மையைச் சொல்லி, அந்த உண்மைகளைச் சேர்த்துக் கட்டி ஒருத்தியைப் பூட்டிய வீட்டு வாசலில் இறக்கிவிடப் பார்த்தோம். நாளை நீங்கள் ஒரு பெண்ணின் முன்னால் உட்காரும்போது, அவள் ஊர் எது என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பெயரால் அவளை யார் கூப்பிடுகிறார்கள், எங்கே நின்றுகொண்டு கூப்பிடுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். வீடு என்பது கூப்பிடுகிறவர்கள் இருக்கும் பக்கம்.

அவள் எப்படி வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கட்டட வேலை செய்த கணவன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று செய்தி வந்திருக்கிறது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியவள், வழியில் ரயில் மாறும்போது தவறிப்போய், காய்ச்சலில் புத்தி கலங்கி, நம் ஜங்ஷனில் விழுந்துவிட்டாள். அவன் தேறி ஊருக்குத் திரும்பி, இவளைக் காணாமல், மறுபடி கிளம்பி ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தேடிக்கொண்டிருந்தான்.

வார்டு மெம்பர் கொடுத்த எண், கமல்டோலில் பக்கத்து வீட்டுக்காரருடையது. சுரேந்தர் வீடியோ அழைப்புப் போட்டு, போனை அவள் மடிக்கு எதிரே தலையணையில் சாய்த்து வைத்தார். திரையில் யார் யாரோ ஓடினார்கள். பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல் கேட்டது.

"ராம்பூர்வாலி?"

இத்தனை நாளும் தலையில் துணி போடாமல் எங்களோடு உட்கார்ந்திருந்தவள், அந்தக் குரல் கேட்டதும் புடவைத் தலைப்பை இழுத்து நெற்றி, கண், வாய் எல்லாம் மறைய முக்காடு போட்டுக்கொண்டாள். பெரியவர்கள் எதிரில் மருமகள் முகம் காட்டுவது அவர்கள் வழக்கம் இல்லை. முக்காட்டுக்குள்ளிருந்து அழுகை மட்டும் வந்தது. அந்தப் பக்கம் கிழவியும் அழுதுகொண்டே ஏதோ திட்டினாள். திட்டு என்பது எந்த மொழியிலும் தெரிந்துவிடுகிறது.

அப்போது ஒரு சிறுமி திரையைத் தள்ளிக்கொண்டு முகத்தை ஒட்டினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு துணி மட்டும். உதடு கோணியது. ஏதோ கேட்டாள். முக்காடு அசைந்தது, ஆனால் விலகவில்லை. மாமியார் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாரே. குழந்தை கத்தி அழ ஆரம்பித்தது.

கிழவி ஏதோ சொன்னாள். பிறகு எழுந்திருக்கும் சத்தம், வளையல் சத்தம், ஒரு கதவு.

"'நான் வெளியில போறேன், நீ அத எடு, புள்ள உம்மொகத்தப் பாக்கட்டும்'னு சொல்லிட்டு எழுந்து போறாங்க மேடம்" என்றார் சுரேந்தர். சொல்லிவிட்டு அவரும் எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளியே போனார்.

அவள் இரண்டு கையாலும் முக்காட்டைத் தூக்கினாள். நான் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

வராந்தாவில் மேடம் நின்றிருந்தார். உள்ளே குழந்தையின் குரல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் எதுவும் கேட்காமல், காவலருக்குப் போன் போட்டு, ஊர் மாறிவிட்டது, இன்றைக்கு வேண்டாம், நாள் சொல்கிறேன் என்று பேசிக்கொண்டே நடந்தார்.

ஆரோக்கியம் அக்கா டீ தம்ளர்களோடு அறையைப் பார்த்து வந்தாள். கதவுக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தேன்.

"இப்ப வேணாங்க்கா. புள்ள அம்மாகிட்ட பேசிக்கினு கீது."